'எங்கள் கதை' என்ற பக்கம்

ஜூன் 3, திங்கள்

சேலத்துக்குப் போக வேண்டிய பெரிய அளவுச் சட்டை திண்டுக்கல்லுக்கும், திண்டுக்கல்லுக்குப் போக வேண்டியது சேலத்துக்கும் போய்விட்டது. இரண்டு வீட்டிலிருந்தும் போன். வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர்களைத் தள்ளித் தள்ளித் தேடி, யார் என்ன அளவு கேட்டார்கள் என்று கண்டுபிடிப்பதற்குள் விரல் தேய்ந்துவிடும் போலிருக்கிறது.

அண்ணியும் நானும் சேர்ந்து நடத்தும் 'இதம்' படுக்கையிலேயே இருப்பவர்களுக்கான உடை. முதுகுப் பக்கம் முழுவதும் திறக்கும் சட்டை, பக்கவாட்டில், அமுக்கி மாட்டும் டிச் பட்டன் வைத்த பேன்ட். கையைத் தூக்காமல், ஆளைப் புரட்டாமல் மாட்டிவிடலாம். புதிதாகக் கேட்கும் ஒவ்வொருவருக்கும் இதையே சொல்லி என் தொண்டை வற்றுகிறது.

சாயங்காலம் அண்ணி கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "ஒரு வெப்சைட் போட்டுரு ஹேமா. அளவு, கலரு எல்லாம் அவங்களே அமுக்கட்டும். நான் துணியைப் பாக்கறதா, போனைப் பாக்கறதா?"

அப்படியாக வெப்சைட் என் பொறுப்பு.

ஜூன் 5, புதன்

நாமே தளம் அமைத்துக்கொள்ளும் கருவிகள் ஏராளமாக இருக்கின்றன. இன்று இரண்டைப் பார்த்தேன். முதலாவது இலவசம். ஆனால் பக்கத்தின் அடியில் அவர்களுடைய விளம்பரம் ஓடுகிறது, தமிழ் எழுத்தில் கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாகப் பிரிந்து நிற்கிறது. இரண்டாவது அழகாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வரியையும் நாமே எழுத வேண்டும், ஒவ்வொரு பெட்டியையும் நாமே இழுத்து வைக்க வேண்டும். ஒரு பொத்தானைக் கூரியரோடு இணைப்பதற்குள் சோறு குழைந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது சொன்னார். "எது சுலபமோ அதை எடு. பார்சல் கட்டறதுக்கு எதுக்கு இத்தனை ஆராய்ச்சி?"

பார்சல் கட்டுவது. எக்ஸ்போர்ட் ஆபீஸ் வேலையை விட்டு வந்தபிறகு நான் செய்வதெல்லாம் அதுதான் என்று நினைக்கிறார் போலிருக்கிறது. ரசம் ஊற்றினேன்.

ஜூன் 8, சனி

மூன்றாவது கருவி கிடைத்தது. இது கேள்வி கேட்கும், நாம் பதில் தட்டினால் போதும், தளத்தை அதுவே கட்டிவிடும். எழுத்தையும் அதுவே எழுதிக்கொள்கிறது, நல்ல தமிழில்.

என்ன விற்கிறீர்கள், யாருக்கு என்று கேட்டது. பிறகு, நிறுவனர் பெயர். 'துளசிமணி, ஹேமலதா' என்று தட்டினேன். ஒரு பெயர் மட்டும் தரவும் என்று சிவப்பில் வந்தது. ஓ.டி.பி. என் போனுக்குத்தானே வருகிறது என்று என் பெயரைப் போட்டேன். தொழில் தொடங்கியது எப்படி என்ற கேள்விக்கு, 'விபத்துக்குப் பிறகு படுக்கையில் இருக்கும் என் அண்ணனுக்காகத் தொடங்கினோம்' என்று ஒரே வரி.

டீ ஆறுவதற்குள் தளம் தயார். 'எங்கள் கதை' என்று தனியாக ஒரு பக்கம்கூட இருந்தது. அதில் வந்ததை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

'ஒரு விபத்து என் அண்ணனைப் படுக்கையில் தள்ளியது. இரவும் பகலும் அவர் அருகிலேயே இருந்தேன். ஒவ்வொரு முறை சட்டை மாற்றும்போதும் அவர் படும் வேதனையைக் கண்டு கலங்கினேன். அந்தக் கண்ணீரில் பிறந்ததுதான் இந்த உடை.'

இதை நான் எழுதவில்லை. 'தொடங்கினோம்' என்றுதான் தட்டினேன், அதுதான் 'நான்' என்று மாற்றிக்கொண்டது. திருத்து என்று ஒரு பொத்தான் இருக்கிறது. 'வேதனை'க்கு மூன்று சுழி 'ண' போட்டிருந்தது, அதைத் திருத்தினேன். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 9, ஞாயிறு

நிறுவனர் படத்துக்கு ஒரு வட்டம் கொடுத்திருக்கிறார்கள். வெட்டும் மேசையருகே அண்ணியும் நானும் நிற்கும் படத்தை ஏற்றினேன். இரண்டு முகமும் அடங்கவில்லை. என் முகத்தை நடுவில் வைத்தால் அண்ணியின் முழங்கை மட்டும் ஓரத்தில் தெரிந்தது. பார்க்க நன்றாக இல்லை. அதையும் நகர்த்திவிட்டேன்.

ஜூன் 10, திங்கள்

தளத்தை அண்ணிக்குக் காட்டினேன். அளவுப் பட்டியலை மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்தார். பெரிய அளவின் மார்புச் சுற்றளவு தவறு என்றார், மாற்றினேன். பன்னிரண்டாவது முடித்து டிப்ளமோ படித்துவிட்டு பனியன் கம்பெனியில், துணி வெட்டுவதற்கான அளவு வடிவங்களைப் பேப்பரில் வரையும் பேட்டர்ன் மாஸ்டராக இருந்தவர். அளவில் அவரை ஏமாற்ற முடியாது.

"வேற என்ன பக்கமெல்லாம் இருக்குது?" என்று கேட்டார்.

"எல்லா சைட்லயும் வழக்கமா இருக்கறதுதானுங்க அண்ணி."

அண்ணியின் போன் பழையது, பக்கம் திறக்க நேரமாகும். அதனால் லிங்க் அனுப்பவில்லை.

அண்ணி வீட்டின் முன்னறையில்தான் வெட்டும் மேசை. உள்ளறையில் அண்ணன். அங்கிருந்து கேட்டார். "அம்மிணி, கடை தொறந்தாச்சா? உள்ள வந்து காட்டு."

கதவருகே நின்று "ஆச்சுங்கண்ணா, அப்பறம் காட்டறேன்" என்றேன். கூரியர் ஆபீஸ் மூடும் நேரம்.

ஜூன் 17, திங்கள்

ஆர்டர்கள் ஒழுங்காக வருகின்றன. பெயர், அளவு, முகவரி, பணம் எல்லாம் ஒரே இடத்தில். இதை முன்பே செய்திருக்கலாம்.

பெண்களுக்கான ஒரு குழுவில் யாரோ 'எங்கள் கதை' பக்கத்தைப் பகிர்ந்திருக்கிறார்கள். அதிலிருந்து போன் ஓயவில்லை. 'உங்களைப் போல ஒரு தங்கை எனக்கு இல்லையே' என்று ஒருவர். கல்லூரியில் என்னோடு படித்த ஷர்மிளா, இத்தனை வருடமாக ஒரு வார்த்தை பேசாதவள், அழுகிற முகங்களை வரிசையாக அனுப்பியிருக்கிறாள். வீட்டுக்காரரும் படித்தார். "அடேங்கப்பா" என்று சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

புதிதாக ஒரு தையல்காரரைச் சேர்த்திருக்கிறார் அண்ணி. அண்ணியின் முகத்தில் இப்படி ஒரு தெளிவைப் பார்த்து எவ்வளவோ நாளாகிறது. நல்லதுதானே நடந்திருக்கிறது.

அண்ணனுக்கு பைக் விபத்து நடந்த சமயம் எனக்கு ஆபீசில் ஷிப்மென்ட் நெருக்கடி. ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போனேன். வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகும் போய்க்கொண்டுதான் இருந்தேன். இந்தத் தொழிலுக்காக இப்போது தினமும் போகிறேனே.

ஜூன் 20, வியாழன்

உத்தமபாளையத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். ராஜாத்தி என்று பெயர் சொன்னார். கட்டடத்திலிருந்து விழுந்த கணவர் படுக்கையில் இருக்கிறாராம். ஆர்டரைப் பற்றிக் கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"சட்டை வந்துருச்சுக்கா, நல்லாருக்கு. அதுக்குக் கூப்பிடல. உங்க கதைய வாசிச்சேன். அண்ணனை ராப்பகலா பாத்த ஆளு, அதனால உங்ககிட்ட கேக்குறேன். இவுகளுக்கு இடுப்புக்குக் கீழ முதுகுப் பக்கம் செவந்துருக்கு. தொட்டா சூடா இருக்கு. உங்க அண்ணனுக்கு இப்படி வந்துச்சா? என்ன பண்ணுனீங்க?"

அண்ணனுக்கு வந்ததா? தெரியாது. அந்தப் பக்கம் அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"வேர்வையாத்தான் இருக்கும்ங்க. பவுடர் போடுங்க, சரியாயிரும்."

"அம்புட்டுதானாக்கா? நான் பயந்தே போயிட்டேன். நல்லாருப்பீங்க."

போனை வைத்த பிறகும் காதில் அந்தக் குரல் இருந்தது. சாயங்காலம் பார்சல் ஒட்டும்போது முகவரிச் சீட்டுகளை மாற்றி ஒட்டி, பிய்த்து, மறுபடி ஒட்டினேன்.

ஜூன் 21, வெள்ளி

பார்சல் அதிகம். வேறொன்றுமில்லை.

ஜூன் 25, செவ்வாய்

துணி மடித்துக்கொண்டிருந்தபோது சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "அண்ணி, அண்ணனுக்கு முதுகுல எப்பவாச்சும் செவந்து போச்சுங்களா?"

"செவக்காம? ஆஸ்பத்திரில இருந்து வந்த புதுசுல." அவர் கத்தரியை நிறுத்தவில்லை. "அமுக்கிப் பாக்கோணும். அமுக்கி விட்டும் செவப்பு போகலைன்னா உள்ள புண்ணு ஆரம்பிச்சுருச்சுன்னு அர்த்தம். அந்தப் பக்கம் சாய விடவே கூடாது. திருப்பித் திருப்பிப் போடோணும், ஈரமில்லாம வெச்சுக்கோணும், அன்னைக்கே நர்சுக்கோ டாக்டருக்கோ காட்டிப் போடோணும்."

"பவுடர் போட்டா?"

"ஐயோ, அது வேர்வைல கட்டி கட்டியா ஒட்டிக்கிட்டு இன்னும் அறுக்கும். செவப்பையும் மறைச்சுப் போடும். ஏன், யாருக்கு?"

"ஒரு கஸ்டமர் கேட்டாங்க."

கூரியருக்குப் போகிறேன் என்று வெளியே வந்து தெருமுனையிலிருந்து கூப்பிட்டேன். ராஜாத்தி எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. பிறகு சுவிட்ச் ஆப்.

வாட்ஸ்அப்பில் 'நான் சொன்னது தப்பு' என்று தட்டினேன். அழித்தேன். 'வணக்கம், இன்னொரு விஷயம். பவுடர் வேண்டாம். உடனே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்' என்று அனுப்பினேன். ஒரே ஒரு டிக். போய்ச் சேரவில்லை.

ஜூன் 28, வெள்ளி

இன்னும் ஒரு டிக்தான்.

அவருடைய முகவரி இருக்கிறது. எழுந்து போய்விடலாமா என்று காலையில் தோன்றியது. உத்தமபாளையத்துக்கு எந்த பஸ் என்றுகூடப் பார்த்தேன். போய் என்ன சொல்வது?

மத்தியானம் 'எங்கள் கதை' பக்கத்தைத் திறந்து 'இரவும் பகலும்' என்ற வரியை அழித்தேன். 'இந்தப் பகுதி காலியாக உள்ளது. நாங்கள் எழுதித் தரட்டுமா?' என்று கேட்டது. வேண்டாம் என்பதற்குள் அதுவே நிரப்பிவிட்டது. இந்த முறை 'உறக்கமின்றி' என்று சேர்த்திருந்தது. அந்த நேரம் பார்த்து மதுரையிலிருந்து ஒரு பெரிய ஆர்டர் வந்தது. அதைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஜூலை 1, திங்கள்

டிக் இரண்டாகவில்லை. இட்லி மாவு பொங்கி வழிந்தது. துடைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 4, வியாழன்

இன்று நடந்ததை முழுதாக எழுதப் போகிறேன்.

முற்பகல், அண்ணி வீட்டு முன்னறையில் பார்சல் கட்டிக்கொண்டிருந்தேன். ராஜாத்தி என்று திரையில் வந்தது.

"அக்கா, கூப்பிட்டிருந்தீங்க போல. போன் தண்ணியில விழுந்து இப்பத்தான் சரி பண்ணிக் கொண்டாந்தோம், வாட்ஸ்அப் இன்னும் வேலை செய்யல. இவுகளை ஆஸ்பத்திரில வச்சிருந்தோம்க்கா. புண்ணு உள்ளுக்குள்ள ஓடிருச்சு. காய்ச்சல் வந்து ஒதற ஆரம்பிச்ச பெறகுதான் தெரிஞ்சுது. வெட்டிச் சுத்தம் பண்ணுனாங்க. நேத்துத்தான் வீட்டுக்குக் கூட்டியாந்தோம்."

"இப்ப எப்படிங்க இருக்கறாரு?"

"உசுருக்கு ஒண்ணுமில்ல. நான்தான்க்கா கவனிக்காம விட்டுட்டேன். நீங்க சொன்ன மாதிரி பவுடர் போட்டேன். சரியாயிரும்னு அஞ்சாறு நாளு நல்லாத் தூக்கிப் பாக்காம இருந்துட்டேன். புத்தியில்ல எனக்கு."

தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டிருந்தார். நான் சும்மா இருந்திருந்தால் அது அப்படியே அவர்மேல் நின்றிருக்கும். சும்மா இருக்கத்தான் முதலில் நினைத்தேன். இதையும் எழுதிவிடுகிறேன்.

"இனிமே எப்படிச் சாச்சுப் போடணும்னு சொல்லுங்கக்கா. தலகாணி எங்க வைக்கணும்?"

"ராஜாத்தி, எனக்குத் தெரியாதுங்க. தப்பு உங்க மேல இல்ல. எங்க அண்ணனை நான் பாத்துக்கலை. ஒரு நாள்கூடப் பாத்துக்கிட்டதில்ல. பவுடர்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் கீழே வைக்கும் சத்தம். போனை வைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

"அப்ப யாரு பாத்தது?"

"எங்க அண்ணி."

"அவுககிட்ட போனைக் குடுங்க."

'அக்கா' இல்லை. கோபமாகவும் இல்லை. அவசரம் மட்டும்தான்.

உள்ளறைக்குள் போனேன். அண்ணி, அண்ணனுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். போனை நீட்டினேன். "உத்தமபாளையத்துல இருந்துங்க அண்ணி. அவங்க வீட்டுக்காரருக்குப் படுக்கைப் புண்ணு. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார். ரேசரைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, போனை வாங்கிக்கொண்டு முன்னறைக்குப் போனார். "சொல்லுங்க கண்ணு, புண்ணு எந்தப் பக்கம்?" என்று அவர் குரல் கேட்டது. "அழுவாதீங்க" என்றார். பிறகு மெதுவாகத் தொடர்ந்தார். எந்தப் பக்கம் சாய்ப்பது, தலையணையை முழங்காலுக்கு நடுவில் எப்படி வைப்பது, எந்த நாற்றம் வந்தால் காத்திருக்காமல் ஓட வேண்டும், எல்லாம்.

நானும் அண்ணனும் தனியாக இருந்தோம். ஒரு கன்னத்தில் சோப்பு நுரை.

"துடைச்சு விடு அம்மிணி, காயுது."

துண்டால் துடைத்தேன். கன்னம் மெலிந்து எலும்பு தட்டியது. கடைசியாக அவரை எப்போது தொட்டேன் என்று எனக்கு நினைவில்லை.

அண்ணி திரும்பி வந்து போனை என் கையில் கொடுத்தார். "அந்தப் புள்ள சொல்லுது, ஹேமாதான் ராப்பகலா பாத்துக்கிட்டதுன்னு வெப்சைட்ல போட்டிருக்குதாமா?"

"மெசின் எழுதுனதுங்க அண்ணி."

"படி. அவரும் கேக்கட்டும்."

படித்தேன். எல்லா வரியையும். 'உறக்கமின்றி'யையும் சேர்த்து. அவர்கள் முன்னால் வாய்விட்டுப் படித்தபோது மெசின் எழுதியது என்ற பேச்சு எனக்கே நிற்கவில்லை.

அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சட்டை மாத்தறப்ப நான் கத்துவேன். நெசந்தான். அது உனக்கு எப்படித் தெரியும்?" பிறகு அவரே சொன்னார். "துளசி சொல்லியிருப்பா."

தலையை என் பக்கம் திருப்பி, "என்ற உடம்பைப் பத்தி ஊருக்குச் சொல்றதுன்னா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கோணும்" என்றார்.

அண்ணி கிண்ணத்தை எடுத்துப்போய் அலம்பினார். வெகுநேரம் அலம்பினார். வந்தபோது குரல் உயரவில்லை.

"பாத்துக்கிட்டதை நீயே வெச்சுக்க ஹேமா. அதுக்கு எனக்கு யாரும் மால போட வேண்டாம். ஆனா கண்ணீர்ல பொறந்த உடைன்னு படிச்சியே பாரு, அது பொய். அது கணக்குப் போட்டு வெட்டுனது. தோள்ல தையல் வந்தா உறுத்தும்னு எத்தனை பேப்பர் வெட்டி வீசியிருப்பேன். கம்பெனியை விட்டு வந்த பொறவு எனக்குன்னு இருக்கறது அந்த வெட்டு ஒண்ணுதான்."

நான் எடுத்துக்கொண்டது எது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை அண்ணனைப் பார்த்துக்கொண்ட பெயரைத்தான் எடுத்துவிட்டதாக நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

பக்கத்தை நீக்கினேன். 'உங்கள் தளத்தில் அதிகம் பேர் பார்த்த பக்கம் இது. உறுதியா?' என்று கேட்டது. ஆம் என்று அமுக்கினேன்.

அந்தப் பெண்கள் குழுவில் நானே எழுதிப் போட்டேன். அண்ணனைப் பார்த்துக்கொண்டதும் உடையை வடிவமைத்ததும் துளசிமணி, நான் ஆர்டரும் பார்சலும் பார்ப்பவள், உடம்பு சம்பந்தமாக என்னிடம் கேட்டு எதுவும் செய்திருந்தால் தயவுசெய்து டாக்டரிடம் காட்டுங்கள் என்று. பாதிப் பேர் பேசாமல் விலகிவிட்டார்கள். ஒருவர் 'ஏமாத்துக்காரி' என்று எழுதினார். ஷர்மிளாவிடமிருந்து ஒன்றும் இல்லை.

வீட்டுக்காரர் படித்துவிட்டு, "இப்படி ஊரறியச் சொல்லோணுமா?" என்றார். "அதையும் ஊரறியத்தானே போட்டேன்" என்றேன்.

ஜூலை 16, செவ்வாய்

மூன்றாவது கருவியை விட்டுவிட்டு, முதலில் சிரமம் என்று ஒதுக்கிய இரண்டாவதுக்கே மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வரியும் நானே எழுத வேண்டும். ஒரு சட்டையைப் பற்றி ஐந்து வரி எழுத ஒரு முழுக் காலைப்பொழுது ஆகிறது. தெரியாததை அண்ணியிடம் கேட்கிறேன். பதில் சொல்கிறார். கேட்டதற்கு மட்டும். முன்பெல்லாம் மேசையருகே டீயும் பேச்சுமாக இருக்கும். இப்போது டீ மட்டும் வருகிறது.

ஆர்டர் குறைந்துவிட்டது. புதுத் தையல்காரரை அண்ணி நிறுத்தவில்லை. "பாக்கலாம்" என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அண்ணனுக்கு உடை மாற்ற நான் வருகிறேன் என்றேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. போனேன். எங்கள் சட்டையை முதல்முறையாக ஓர் உடம்பில் மாட்டினேன். முன்பக்கம் பின்பக்கமாகப் போய்விட்டது. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஜூலை 24, புதன்

புதிய தளம் திறந்தாயிற்று. 'வெட்டும் அளவும் துளசிமணி' என்று முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அண்ணி தன் முகத்தைப் போடக் கூடாது என்றுவிட்டார். சட்டையின் பேப்பர் பேட்டர்னை மேசையில் விரித்து வைத்து, "இதை எடுத்துப் போடு" என்றார்.

அண்ணனிடம், உங்களைப் பற்றி ஏதாவது போடலாமா, வேண்டாமா என்று கேட்டேன். போனை வாங்கி மார்பில் வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். 'இந்தச் சட்டையை நான் தினமும் போடுகிறேன். கழுத்துப் பட்டி கொஞ்சம் இறுக்கும். மற்றபடி நல்ல சட்டை. ஈஸ்வரமூர்த்தி, திருப்பூர்.'

அண்ணி படித்துவிட்டு, "இறுக்குதுன்னு இத்தனை நாளா ஏன் சொல்லலைங்க?" என்றார். கழுத்துப் பட்டியை மாற்றி வெட்ட அப்போதே பேப்பரை எடுத்தார். அந்த வரியை நீக்கிவிடட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும். நெசந்தானே" என்றார் அண்ணி.

ஆகஸ்ட் 5, திங்கள்

ராஜாத்தி அவ்வப்போது கூப்பிடுகிறார். கணவரின் புண் ஆறி வருகிறதாம், ஆனால் முழுசாக மூடப் பல மாதமாகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். இதெல்லாம் அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அண்ணியின் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் அந்தப் பழைய போனில் சரியாகக் கேட்காததால் என் எண்ணுக்கே கூப்பிடுவார்.

நான் மன்னிப்புக் கேட்டு ஒரு தடவை நீளமாக அனுப்பினேன். இரண்டு டிக், நீலமும் ஆயிற்று. பதில் இல்லை. அவர் ஏன் எழுத வேண்டும்?

இன்று சாயங்காலமும் கூப்பிட்டார்.

"அவுக இருக்காங்களா?"

"இருக்காங்க. ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்கு நடந்தேன்.